இமைப்பொழுது மறதி

பொருட்பாலில் 'பொச்சாவாமை' என்றோர் அதிகாரம் உண்டு. மறதியைக் கடிந்து வள்ளுவர் பத்துக் குறட்பாக்கள் இயற்றியுள்ளார். மறத்தல் மனித இயல்பன்றோ? இயல்பைக் குற்றமெனல் தகுமோ? இளமையில் எனக்கிருந்த இவ்வையத்தைத் தீர்த்தது நூலன்று. ஒரு ரயில்வே கேட்.

சிவாஜிநகரிலிருந்து நாள்தோறும் மிதிவண்டியில் அலுவலகம் செல்லும் எழுத்தன் நான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, நகரின் கிழக்கே உறவினர் இல்லம் நோக்கிச் சென்றேன். வழியில் இரட்டை இருப்புப்பாதை. கேட் மூடியிருந்தது. பலரும் செய்வதுபோல் மிதிவண்டியைச் சாய்த்துத் தடுப்பின் அடியில் நுழைந்து நின்றேன். சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டி அகன்றதும் முன்னே அடி வைத்தேன். பின்னாலிருந்த முதியவர் ஒருவர் கேரியரைப் பற்றி இழுத்தார். மறுகணமே அடுத்த பாதையில் விரைவு ரயில் பாய்ந்தது. அதுவரை சரக்கு ரயில் அதனை மறைத்திருந்தது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில் ஒரு நொடியில் ஏறக்குறைய 28 மீட்டர் கடந்துவிடும்.

"ஏம்ப்பா, வீட்ல புள்ளைங்க இல்லியா?" என்றார் அவர். வேறொன்றும் சொல்லவில்லை.

கோப்பில் நேரும் பிழையை அடித்துத் திருத்தலாம், தண்டவாளத்தில் திருத்தமில்லை. ஆயின் என் பிழை அந்தக் கணத்திலா பிறந்தது? இல்லை. மூடிய கேட்டில் பன்முறை நுழைந்து பன்முறையும் தப்பியதால் என் அச்சம் தேய்ந்திருந்தது. மறதி கணத்தில் வெளிப்படுகிறது, பழக்கத்தில் வளர்கிறது. கணத்துக்கு நாம் பொறுப்பல்ல எனினும், பழக்கத்துக்குப் பொறுப்பாளிகளே.

1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டமும் இவ்வாறே கருதுகிறது. ஆளில்லாக் கேட்டில் நின்று நோக்காமல் வண்டியைச் செலுத்துவதையே அதன் 161ஆம் பிரிவு கவனக்குறைவு என்கிறது. மோதல் நிகழ வேண்டுவதில்லை, நில்லாமையே குற்றம்.

ஆள் இருந்தாலும் மனித மனம் ஒன்றையே நம்பியிருத்தல் போதாது. 2025 ஜூலை 8 அன்று கடலூரை அடுத்த செம்மங்குப்பத்தில் பள்ளி வேன்மீது ரயில் மோதி மாணவர் மூவர் மாண்டனர். அங்கே கேட்டில் ஆள் இருந்தார். கேட்டையும் சிக்னலையும் பிணைக்கும் 'இன்டர்லாக்' அமைப்பு இல்லை. அவ்வமைப்பு இருப்பின், கேட் மூடினாலன்றி ரயிலுக்கு வழி கிடைக்காது. மனிதன் மறப்பான் என்பதை முன்னரே ஒப்புக்கொண்ட அறிவு அது.

மிதிவண்டியில் செல்வோர்க்கும் ஓர் இன்டர்லாக் உண்டு: கேட்டைக் கண்டதும் இறங்குதல்; தடுப்புக்கு வெளியே நிற்றல்; அது உயரும்வரை காத்தல். இதனைப் பழக்கமாக்கிக்கொண்டால், மனம் மறந்தாலும் கால் மறவாது. நம் பிள்ளைகளுக்கு மிதிவண்டி வாங்கித் தரும் நாளிலேயே இதனையும் கற்பிப்போம்.