வாங்காதவர் நாம், விற்பவர் யார்?

அறங்களுள் தலையாயது கொல்லாமை என்பதை நம் இல்லத்துக் குழந்தைகள் பேசப் பழகும் பருவத்திலேயே கற்றுக்கொள்கின்றனர். ஊன் உண்ணாமை, பொழுது சாய்ந்தபின் உண்ணாமை, நீரை வடிகட்டிப் பருகுதல் ஆகிய ஒழுக்கங்களால் தமிழ்ச் சமணர் தலைமுறை தலைமுறையாக அறியப்பட்டு வந்துள்ளனர். ஆயினும் வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் பணிபுரியும் நம் இளைஞர்கள் சிலர் அண்மைக் காலமாக ஒரு வினாவை எழுப்புகின்றனர். "ஊனை விலக்கிப் பாலை உண்ணும் நாம், ஊன் வணிகத்திற்கு முற்றிலும் புறம்பானவர்களா?" என்பதே அவ்வினா.

வினா எழுப்பியவரை "மிகுதியாகப் படித்துவிட்டாய்" என்று வாயடைத்தல் எளிது. அது நம் சமய நெறியாகாது. நற்காட்சியும் நல்லறிவும் முன் நின்றாலன்றி நல்லொழுக்கம் நிறைவு பெறாது என்பதே நம் மும்மணிக் கொள்கை. ஆதலின் உணர்ச்சியை ஒருபுறம் வைத்து, உள்ளது உள்ளவாறு கண்டு, பின்னர் முடிவுக்கு வருவோம்.

நாட்டின் கணக்கு

1950-51ஆம் ஆண்டில் நம் நாட்டின் பால் உற்பத்தி 1.7 கோடி டன். ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 130 கிராம் அளவே கிடைத்தது. 1970ஆம் ஆண்டில் குஜராத்தின் ஆனந்த் நகரிலுள்ள தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியம், டாக்டர் வர்கீஸ் குரியன் தலைமையில் வெண்மைப் புரட்சித் திட்டத்தைத் தொடங்கிற்று. மூன்று கட்டங்களாக 1996 வரை அத்திட்டம் நடைபெற்றது. 1998ஆம் ஆண்டளவில் அமெரிக்காவைக் கடந்து உலகில் முதலிடம் பெற்றோம். 2023-24ஆம் ஆண்டில் உற்பத்தி 23.9 கோடி டன். ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 471 கிராம். இரண்டு மாடு வைத்திருந்த எளிய குடும்பங்களும், குறிப்பாகப் பெண்களும், இதனால் கையில் காசு கண்டனர் என்பதை மறுத்தல் நன்றி கொன்றதாகும்.

இதே கால அளவில் ஊன் உற்பத்தியும் வளர்ந்தது. 2023-24ஆம் ஆண்டில் அது ஒரு கோடி டன்னைத் தாண்டிவிட்டது. அதில் ஏறத்தாழப் பாதி கோழி இறைச்சி; ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானது எருமை இறைச்சி. பசு, காளை, கன்று ஆகியவற்றின் இறைச்சியை ஏற்றுமதி செய்ய நம் நாட்டில் தடை உண்டு. எருமை இறைச்சிக்குத் தடை இல்லை. அவ்வாண்டில் ஏறத்தாழ 13 லட்சம் டன் எருமை இறைச்சி மலேசியா, வியட்நாம், எகிப்து, ஈராக் முதலிய நாடுகளுக்குச் சென்றது. அதன் மதிப்பு சுமார் 31,000 கோடி ரூபாய்.

இவ்வளவு எருமைகளும் எங்கிருந்து வந்தன? ஊனுக்கென்றே எருமை வளர்க்கும் பெரும் பண்ணைகள் நம் நாட்டில் பரவலாக இல்லை. நாட்டின் பாலில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட பங்கு எருமையினுடையது. மடி வற்றிய எருமையும் பால் தராத கிடாக்கன்றுமே அந்த ஏற்றுமதியின் மூலப்பொருள். பாலும் ஊனும் இரு வேறு வணிகங்கள் என்று நாம் எண்ணினும், அவை ஒரே தொழுவத்தின் முன்வாயிலும் பின்வாயிலுமாக உள்ளன.

காளைக் கன்றுகள் எங்கே?

இயற்கையில் கிடாரியும் காளையும் ஏறத்தாழச் சம எண்ணிக்கையிலேயே பிறக்கின்றன. ஆனால் 2019ஆம் ஆண்டின் இருபதாவது கால்நடைக் கணக்கெடுப்பு கூறுவது வேறு. பசு இனத்தில் பெண் 14.5 கோடி, ஆண் 4.7 கோடி. எருமை இனத்தில் பெண் 10 கோடி. ஆண் ஒரு கோடிக்கும் குறைவு. 2012 முதல் 2019 வரையிலான ஏழே ஆண்டுகளில் பசு இனத்து ஆண்களின் எண்ணிக்கை நூற்றுக்கு முப்பது குறைந்துள்ளது.

இதன் காரணத்தை உழவர் குடும்பத்தில் பிறந்த நமக்கு விளக்க வேண்டுவதில்லை. உழவுக்கு டிராக்டர் வந்தது. ஏற்றமும் கவலையும் போய் மின்மோட்டார் வந்தது. வண்டி மாட்டின் இடத்தைச் சரக்கு வாகனம் பற்றிக்கொண்டது. பால் பெருக வேண்டி ஜெர்சி, ஹோல்ஸ்டீன் இனங்களின் கலப்பு புகுத்தப்பட்டது. கலப்பினக் காளைக்கு நுகம் தாங்கும் திமில் இல்லை. நம் வெயிலில் உழைக்கும் உடலும் இல்லை. ஆகவே பிறந்த அன்றே அது "வேண்டாத உயிர்" ஆகிவிடுகின்றது. சீம்பாலும் தாய்ப்பாலும் போதிய அளவு கிடைக்காமல் சில நாட்களில் இறப்பது ஒருவகை. தரகரிடம் சேர்வது மற்றொரு வகை.

இப்போது பெண் கன்றே பெரும்பாலும் பிறக்குமாறு விந்தணுக்களைப் பிரித்துச் சினை ஊசி போடும் முறையும் வந்துள்ளது. பிறந்ததைக் கொல்லுவதினும் பிறவாமல் தடுப்பது தீங்கு குறைந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் மடி வற்றிய தாய்க்கு அது விடை கூறவில்லை.

நூல் கூறும் ஐந்து குற்றங்கள்

திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரத்தில், தின்பதற்கென்று வாங்குவோர் இல்லையாயின் ஊன் விற்போரும் இல்லை என்னும் கருத்து உண்டு. அதனை நாம் பெருமிதத்தோடு எடுத்துக் கூறுவோம். ஏனெனில் நாம் வாங்காதவர். ஆனால் வணிகத்திற்கு இரு பக்கம் உண்டு. நம் சிற்றூர்களில் கறவை நின்ற மாட்டின் தும்பைத் தரகர் கையில் கொடுத்துப் பணம் எண்ணிக்கொள்ளும்போது, நாம் நிற்பது எப்பக்கம்? அம்மாட்டிற்கு ஊர் வழக்கில் "அடிமாடு" என்றே பெயர். பொள்ளாச்சி போன்ற சந்தைகளின் வழியே அது கேரளத்திற்குச் செல்வது நெடுநாளைய நடைமுறை. பெயரையும் வழியையும் அறிந்தே விற்கிறோம். நகரத்தில் உறைப்பால் வாங்குவோர் தும்பைத் தொடுவதில்லை. ஆயினும் அவர் கொடுக்கும் விலையே அத்தொழுவத்தை நடத்துகின்றது.

"கொல்ல வேண்டும் என்னும் எண்ணம் நமக்கில்லையே, ஆகவே பாவமில்லை" என்று ஒரு சாரார் கூறுவர். இது எளிதில் ஒதுக்கத்தக்க வாதமன்று; எண்ணத்திற்கு நம் ஆசாரியர்கள் பெருமதிப்புத் தந்துள்ளனர். ஆனால் உமாஸ்வாமி ஆசாரியர் தத்வார்த்த சூத்திரத்தில் இம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்து, பிரமாதத்தோடு கூடிய செயலால் உயிரைப் போக்குதல் என்றே வகுத்தார். பிரமாதமாவது மடி, மறதி, அசட்டை. அறியாதிருந்தவரை ஒன்று, அறிந்தபின் பாராமுகமாக இருப்பது பிரமாதமன்றி வேறென்ன? மேலும் செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றுமே வினைக்கு வாயில் என்பதை நாம் அறிவோம்.

அந்நூலே கொல்லாமை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகின்றது. கட்டுதல், அடித்தல், உறுப்பைத் துளைத்தல் அல்லது அறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. இவற்றை ஊன்றி நோக்குக. ஐந்தும் தொழுவத்தை முன்னிட்டுக் கூறியவை போலவே தோன்றுகின்றன! கால்நடை வளர்க்கும் இல்லறத்தான் கொலை செய்யமாட்டான் என்பதை ஆசாரியர் அறிவார். அவன் வழுக்கும் இடம் எது என்பதையும் அறிவார். திரும்பவும் இடமின்றிக் குறுகக் கட்டுதல் முதற்குற்றம். லாரியில் நெருக்கி ஏற்றும்போது அடியும் பாரமும் சேர்கின்றன. கன்றுக்குரிய பாலைக் கறந்துகொள்ளுதலும், கறவை நின்ற மாட்டிற்குத் தீவனத்தைக் குறைத்தலும் ஐந்தாம் குற்றம்.

சட்டம் ஒன்றே இதற்குத் தீர்வாகாது. அரசியலமைப்பின் 48ஆம் பிரிவு பசுக்களையும் கன்றுகளையும் காக்குமாறு அரசுக்கு வழிகாட்டுகின்றது. பல மாநிலங்களில் கடுமையான தடைச் சட்டங்களும் உள்ளன. ஆயினும் 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாடெங்கும் உரிமையாளரின்றித் திரிந்த மாடுகள் 50 லட்சம். அவற்றுள் ஏறத்தாழப் பாதி இராஜஸ்தானத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் இருந்தன. சட்டம் கத்தியைத் தடுக்கலாம், பசியைத் தடுக்காது. நெகிழித்தாளைத் தின்று சாலையோரம் சாகும் மாட்டிற்குக் கொல்லாமை கிட்டியது என்று கூறுதல் பொருந்துமா?

ஒரு லிட்டர் பாலின் முழு விலை

நெடுங்காலம் வகுப்பறையில் கணக்குக் கற்பித்த பழக்கத்தினால் இதனை ஒரு கணக்காகவே போட்டுப் பார்க்கிறோம். ஒரு பசு ஐந்து ஈற்றுகள் ஈன்று, ஈற்றுக்கு 2,500 லிட்டர் பால் தருவதாகக் கொள்வோம். மொத்தம் 12,500 லிட்டர். கறவை நின்றபின் எட்டாண்டுகள் உயிர் வாழ்வதாகவும், தீவனச் செலவு நாளொன்றுக்கு 80 ரூபாய் என்றும் கொண்டால், அவ்வெட்டாண்டுகளுக்கு ஆகும் செலவு 2,33,600 ரூபாய். இதனை அவள் தந்த பாலின் மீது பங்கிட்டால் லிட்டருக்குச் சுமார் 19 ரூபாய் விழுகின்றது. ஈன்ற காளைக் கன்றுகளின் பராமரிப்பு இதில் சேரவில்லை. இடத்திற்கு இடம் தொகை மாறும், வழிமுறை மாறாது.

2023 டிசம்பரில் ஆவின் நிறுவனம் பசும்பாலுக்கு அளித்த கொள்முதல் விலை, ஊக்கத்தொகையுடன் சேர்த்து லிட்டருக்கு 38 ரூபாய். அதற்குள்ளே தீவனமும் மருத்துவமும் உழைப்பும் அடங்க வேண்டும். மேற்கூறிய 19 ரூபாய்க்கு அங்கே இடமில்லை. அந்தக் குறையை நிரப்புவது எது? தரகர் தரும் பணமே. நாம் பாலைக் குறைந்த விலையில் பெறுகிறோம். மிச்சத் தொகையை மாடு தன் உயிரால் கட்டுகின்றது. ஏழை உழவரைக் குறை கூறுதல் இதற்கு விடையாகாது. முழு விலையைக் கொடுக்காமல் உண்பவர் அனைவருமே இக்கணக்கில் பங்காளிகள்.

செய்யத் தக்கவை

அங்ஙனமாயின் பாலை அறவே விடுதல் வேண்டுமா? அவ்வாறு விடுபவரை நாம் போற்றுகிறோம். புறத்தவங்களுள் ஒன்றாகிய ரசபரித்தியாகத்தில் பால், தயிர், நெய் ஆகியவை விலக்கத்தக்க சுவைகளாக முன்பே எண்ணப்பட்டுள்ளன. ஆதலின் இது மேலைநாட்டிலிருந்து வந்த புதுமையன்று. எனினும் குழந்தைகளும் முதியோரும் உள்ள இல்லத்தில் எல்லோருக்கும் ஒரே நாளில் இது இயல்வதன்று. நம் அறம் படிநிலைகளை உடையது. துறவிக்கு மகாவிரதம், இல்லறத்தானுக்கு அணுவிரதம். அணுவளவாயினும் அது விரதமாக இருத்தல் வேண்டும் என்பதே நாம் கூற விழைவது.

மாடு வளர்ப்போர், சாகும்வரை காக்க இயலும் எண்ணிக்கையில் மட்டும் வளர்க்கலாம். நான்கு மாடுகளை மாற்றி மாற்றி விற்பதினும் ஒன்றை இறுதிவரை காப்பது மேல். கன்று வயிறார உண்டபின் கறக்கலாம். கறவை நின்ற மாடும் சாணம் தருகின்றது. அது எருவாகவும் எரிவாயுவாகவும் பயன்படும்.

பால் வாங்குவோர் தேவைக்கு மேற்பட்டதைக் குறைக்கலாம். திருவிழா நாளின் அபிஷேகத்திற்குக் குடம் குடமாகப் பால் வேண்டுமா, ஒரு சிறு கலசம் போதுமா என்று ஜினாலய நிர்வாகத்தினர் கூடி ஆராயலாம். அவ்வாறு மிஞ்சும் தொகையையும், வாங்கும் லிட்டர் ஒன்றுக்குச் சில ரூபாயையும் ஊர்தோறும் ஒரு தீவன நிதியாகச் சேர்க்கலாம். குஜராத்தில் வணிகச் சமணர் பாஞ்சராபோல் எனும் காப்பிடங்களைப் பல தலைமுறைகளாக நடத்தி வருகின்றனர். அவர்களிடம் பொருள் உண்டு. நம்மிடம் நிலமும் வைக்கோலும் உண்டு. நெல் அறுவடைக்குப்பின் வீடுதோறும் பத்துக் கட்டு வைக்கோல் ஒதுக்கினால், ஓர் ஊரின் முதிய மாடுகளுக்குப் பெருந்துணையாகும்.

நம் ஆலயத்தில் ஆதிபகவனின் பீடத்தை நோக்குக. அங்கே இலாஞ்சனமாக இருப்பது எருது. பன்னிரண்டாம் தீர்த்தங்கரராகிய வாசுபூஜ்யருக்கு எருமை. இருபத்து நான்கு இலாஞ்சனங்களுள் பால் தரும் பசு இல்லை. பால் தராத எருது உண்டு. உயிரின் மதிப்பு அது நமக்குத் தரும் பயனில் இல்லை என்பதை இதனினும் தெளிவாக உரைப்பதெங்ஙனம்? நாள்தோறும் அப்பீடத்தின் முன் கைகூப்பும் நாம், வீடு திரும்பியபின் தொழுவத்தில் நிற்கும் காளைக் கன்றையும் அதே கண்ணால் நோக்குதல் வேண்டும். ஊன் வாங்காமை நம் முன்னோர் நமக்கு ஈட்டித் தந்த பெருமை. அடிமாடு விற்காமை நாம் ஈட்ட வேண்டிய பெருமை.

அறம் வளர்க!