உடையாத பாதி

யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரி வழியாகச் செல்லும் ஏ9 வீதியில் மோட்டார் சைக்கிளிலிருந்து தூக்கியெறியப்படும் ஓர் இளைஞனின் முகத்தில் எளிதில் நொறுங்கக்கூடியவற்றில் ஒன்று கண்குழியின் அடித்தளம். கண்ணைத் தாங்கும் அந்த எலும்பில் அரை மில்லிமீற்றர் தடிப்புக்கூட இல்லாத இடங்கள் உண்டு. அது உடைந்தால் கண்குழி அகன்று, கண் உள்ளே அமிழ்ந்துவிடலாம். பார்ப்பதெல்லாம் இரண்டாகத் தெரியலாம்.

அதைச் சீர்செய்யும் சத்திரசிகிச்சை நிபுணருக்குக் கீழிமையின் உட்புறமாக ஒரு சிறு வழிதான் கிடைக்கிறது. உள்ளே இரத்தமும் கொழுப்பும். சற்றுப் பின்னால் பார்வை நரம்பு. அங்கேதான் கணினி துணைக்கு வருகிறது. முன்பே எடுத்த சீ.ரி. ஸ்கானிலிருந்து அது மண்டையோட்டை முப்பரிமாணமாகக் கட்டிவைத்திருக்கும். தலையில் பொருத்திய சிறு சட்டத்தையும் நிபுணரின் கையிலுள்ள கோலையும் அகச்சிவப்புக் கமெரா விடாமல் கவனித்துக்கொண்டிருக்கும். கோலின் நுனி தொடும் இடம், ஒன்றிரண்டு மில்லிமீற்றர் பிசகுக்குள், திரையில் தெரியும்.

நொறுங்கிய எலும்பு எங்கே இருந்திருக்க வேண்டும் என்பதைக் கணினி எப்படி அறிகிறது? உடையாத பாதியைப் பார்த்துத்தான். உடைந்தது இடப்பக்கம் என்றால், வலப்பக்கத்தை இடம்வலமாகத் திருப்பி இடப்பக்கத்தின் மேல் படியவைக்கிறது. அந்த வடிவத்துக்கு இசைய டைட்டானிய வலையை வளைத்துப் பொருத்துகிறார் நிபுணர். நலமான பாதி, சிதைந்த பாதிக்கு வழி சொல்கிறது.

இரண்டு பாதியும் சிதைந்திருந்தால்? திருப்பிப்போட ஒன்றுமில்லை. பல முகங்களின் சராசரியைக் கணினி கடன் வாங்கலாம். ஆனால் சராசரி முகம் எவருடைய முகமும் அல்ல. அப்போது வைத்தியர்கள் வீட்டாரிடம் பழைய படம் இருக்கிறதா என்று கேட்பார்கள்.

சாவகச்சேரியில் இந்தக் கேள்வி சுடும். 2000ஆம் ஆண்டுப் போரில் சாவகச்சேரியை உள்ளடக்கிய தென்மராட்சி இடம்பெயர்ந்தபோது சனங்கள் சுமக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தபோது பட்டணம் இடிபாடாகக் கிடந்தது. ஷெல்லும் மிதிவெடியும் மனிதரைச் சிதைத்த அதே மண்ணில், வீடுகளோடு கல்யாண அல்பங்களும் அழிந்தன. ஒருவர் முன்னர் எப்படி இருந்தார் என்பதற்கான சான்றும் அவற்றோடு போயிற்று.

எஞ்சியிருப்பது பார்த்துப் பழகியவர்களின் நினைவு. "சிரிக்கேக்க இவன்ர இடப்பக்கம்தான் கூட ஏறும் டொக்டர், தேப்பனுக்கும் அப்படித்தான்" என்று ஒரு தாயால்தான் சொல்ல முடியும். எந்த ஸ்கானிலும் அது பதிவாகாது.

நம் முகத்தை நாம் ஒருபோதும் நேரே கண்டதில்லை. அதைக் கண்டவர்கள், அதில் நம்மை அறிந்தவர்கள், மற்றவர்களே. ஆகவே முகத்தைத் திருப்பிக் கொடுக்கும் வேலை சத்திரசிகிச்சைக் கூடத்தோடு முடிந்துவிடாது. தையல் பிரித்து வீடு வந்தவன் சந்தைக்குப் போகிறான். மீன்காரர் கண்ணை விலக்காமல், முன்போலவே பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கோவில் வீதியில் பிள்ளைகளை யாரும் பின்னுக்கு இழுக்கக் கூடாது. இரக்கத்தோடு உற்றுப் பார்ப்பதும் அவனை அந்நியனாக்கும். அவனுக்கு வேண்டியது பழைய பழக்கம்.

எலும்பை மில்லிமீற்றர் கணக்கில் இடம்சேர்க்கக் கருவி உண்டு. மனிதனை ஊரில் மீண்டும் இடம்சேர்க்க ஊரைத் தவிர வேறு கருவி இல்லை. அடிபட்டவருக்கு நாம்தான் உடையாத பாதி. அவர் திரும்பி வரவேண்டிய அளவு நம்மிடம்தான் இருக்கிறது.