அடைக்கலப் பிள்ளைகள்

தம் பிள்ளையைப் பெரியதொரு கல்வி நிலையத்தில் சில நாள் தங்கிவருமாறு அனுப்புகின்ற பெற்றோர், "இரவில் எங்கள் மகள் எங்கே உறங்குவாள்? அவளுக்குப் பொறுப்பாளர் யார்?" என்று வினவுவது நன்றி கெட்ட செயலாகுமா? கற்றோரை ஐயுறுவது ஒழுக்கக் குறைவாகுமா? இவ்வினாவை அன்பர்கள் முன் வைக்கிறோம். ஆகாது என்பதே நம் துணிபு. அத்தகைய வினாவைக் கேட்டு முகம் சுளிக்கும் நிலையம் பிள்ளைகளை ஏற்கத் தகுதியற்றது என்றும் கூறுவோம்.

பல்கலைக் கழகம் என்பது வளர்ந்தவர்களுக்கென ஏற்பட்ட இடம். அதன் விடுதி, விதி, விசாரணைக் குழு யாவும் பெரும்பாலும் பதினெட்டு வயது கடந்தோரை எண்ணியே அமைந்தவை. ஆயினும் இக்காலத்தில் சிறார்களும் அதன் வாயிலுக்குள் வருகின்றனர். 2008-ல் இந்திய அரசு தொடங்கிய இன்ஸ்பயர் திட்டத்தின்கீழ்ப் பதினோராம் வகுப்பு மாணவர்க்கான ஐந்து நாள் அறிவியல் முகாம்கள் கல்லூரிகளிலும் பல்கலைக் கழகங்களிலும் நடந்து வந்துள்ளன. விடுமுறைக் காலத்து விளையாட்டுப் பயிற்சி, கலைப் பயிற்சி எனப் பிறவும் உண்டு. இவையெல்லாம் நல்லவையே, இவற்றை மூடிவிட வேண்டுமென்பது நம் கருத்தன்று.

பாலக்காட்டு மாவட்டத்து எல்லையில், முதலமடை ஊராட்சியில் கோவிந்தாபுரம் என்னும் ஊர் உள்ளது. அங்கே அம்பேத்கர் காலனியில் வாழும் சக்கிலியர் குடும்பத்தார் தமிழ் பேசுவோர். தேநீர்க் கடையில் வேறு குவளை, குடிநீருக்கு வேறு குழாய் என்று அவர்கள்பால் காட்டப்பட்ட தீண்டாமை 2017-ல் செய்தித் தாள்களில் வெளிவந்ததை அன்பர்கள் அறிந்திருக்கலாம். அத்தகைய ஓர் இல்லத்துச் சிறுமிக்குத் தேஞ்ஞிப்பலத்துக் கோழிக்கோடு பல்கலைக் கழகத்திலிருந்தோ, கோயமுத்தூர்ப் பாரதியார் பல்கலைக் கழகத்திலிருந்தோ முகாமுக்கு அழைப்பு வருமாயின் பெற்றோர் என் செய்வர்? கண்ணீர் மல்க அனுப்பிவைப்பர். தலைமுறை தலைமுறையாக அடைக்கப்பட்டிருந்த கதவு திறக்கும்போது, திறந்தவரைக் கேள்வி கேட்க எவர்க்கு மனம் வரும்? அதுவே நமது அச்சம். தீயவன் தன் இரையைத் தேர்ந்தெடுக்கும்போது, எந்தப் பிள்ளையின் சொல்லுக்கு ஊரில் மதிப்பில்லையோ அந்தப் பிள்ளையையே தேடுகிறான்.

இஃது ஊகமன்று. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக் கழகத்தில் சாண்டஸ்கி என்னும் காற்பந்துப் பயிற்சியாளர் இருந்தார். ஏழைச் சிறுவர்க்கும் குடும்பத்தில் ஆதரவற்ற சிறுவர்க்கும் உதவுவதெனச் சொல்லி 1977-ல் ஓர் அறநிலையம் நிறுவினார். நாடே அவரைப் போற்றியது. அவ்வறநிலையத்தின் வழியே வந்த சிறுவர்களைத்தான் அவர் கெடுத்தார். 1998-லேயே ஒரு தாய் முறையிட்டாள்; வழக்கு எதுவுமின்றி அது முடிந்தது. 2001-ல் பல்கலைக் கழகத்துக் குளியலறையில் அவர் ஒரு சிறுவனுடன் இருந்த நிலையைக் கண்ட இளைஞர் ஒருவர் தலைமைப் பயிற்சியாளரிடம் கூறினார். செய்தி உயர் அதிகாரிகள்வரை சென்றது. அவர்கள் காவல் துறைக்கோ குழந்தைகள் நலத் துறைக்கோ அறிவித்தார்களில்லை. இனிச் சிறுவர்களை நம் வளாகத்துக்கு அழைத்து வராதீர் என்று அவரிடம் சொல்லி அமைந்தனர். 2011-ல் அவர் கைது செய்யப்பட்டு, 2012-ல் 45 குற்றங்கள் மெய்ப்பிக்கப்பட்டுச் சிறை சென்றார். பல்கலைக் கழகத் தலைவராய் இருந்தவரும் குழந்தையின் நலத்தை இடருக்குள்ளாக்கிய குற்றத்துக்காக 2017-ல் தண்டிக்கப்பட்டார்.

நம் வளாகத்துக்கு அழைத்து வராதீர் என்ற அந்தச் சொல்லை அன்பர்கள் ஊன்றி நோக்கவேண்டும். அச்சொல் நிலையத்தின் சுவரைக் காத்தது. சுவருக்கு வெளியே நின்ற சிறுவனைக் காக்கவில்லை. அவன் பெயர் என்ன, அவன் என்ன ஆனான் என்று அவர்கள் தேடவுமில்லை.

விநய பிடகத்தில் இதற்கு நேரான ஒரு நிகழ்ச்சி உண்டு. துறவு முழுமை பெறாதவரோடு பிக்குகள் ஓரிடத்தில் உறங்கலாகாது என்று விதி பிறந்தது. விதி நல்லதே. ஆனால் அதைக் காட்டிப் பிக்குகள், சிறுவனான இராகுலனுக்குப் படுக்க இடமில்லை என்றனர். அவன் வேறு போக்கிடம் அறியாது, பகவான் பயன்படுத்தும் கழிப்பிடத்தில் சென்று இரவைக் கழித்தான். வைகறையில் அங்கு வந்த பகவான் இருமினார். உள்ளிருந்து சிறுவனும் இருமினான். யாரென்று கேட்டறிந்த பின்னர், இரண்டு மூன்று இரவுகள் உடன் தங்கலாம் என விதி தளர்த்தப்பட்டது. பிக்குகள் விதியை மீறவில்லை. குழந்தை கழிப்பிடத்தில் கிடந்தது. இன்றும் "இனிச் சிறார் முகாமே வேண்டா, நமக்கேன் வம்பு" என்று கதவடைக்கும் நிலையத்தார் இதைத்தான் செய்கின்றனர். அப்போது வெளியே நிற்பவள் கோவிந்தாபுரத்துச் சிறுமி. நகரத்துச் செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு வேறு முகாம்கள் உண்டு.

பெற்றோர் கையொப்பம் இட்டுவிட்டனரே, அது போதாதா என்பார் உளர். போதாது. உபாலி என்னும் சிறுவனின் பெற்றோர், மகன் எழுத்து வேலை கற்றால் விரல் நோகும், கணக்குக் கற்றால் நெஞ்சு நோகும் என்றெல்லாம் எண்ணி, பிக்குகளின் வாழ்வே சுகமானது எனத் துணிந்து, முழு மனத்துடன் அவனையும் அவன் தோழர்களையும் சங்கத்தில் சேர்த்தனர். அப்பிள்ளைகளோ விடியுமுன் பசியால் கஞ்சி கேட்டு அழுதனர். அதைக் கேட்ட பகவான், இருபது வயது நிரம்பாதவர்க்கு முழுத் துறவு அளிக்கலாகாது என்று விதித்தார். பெற்றோரின் இசைவைக் காட்டிச் சங்கத்தார் தம் பொறுப்பைக் கழித்துக்கொள்ள இடமளிக்கப்படவில்லை.

நம் பக்கத்திலும் அண்மையில் ஒன்று நடந்தது. 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தனியார் பள்ளியொன்றில் தேசிய மாணவர் படை முகாம் என்ற பெயரில் ஒரு முகாம் நடந்தது. அப்படைக்கும் முகாமுக்கும் யாதொரு தொடர்புமில்லை. சிறுமியர் இரவில் பள்ளியிலேயே தங்கவைக்கப்பட்டனர். அவர்களுள் ஒரு சிறுமி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாள் என்று வழக்குப் பதிவாயிற்று. முகாமை நடத்தியவரும், செய்தியை மறைத்ததாகப் பள்ளியின் முதல்வரும் பிறரும் கைது செய்யப்பட்டனர். முகாமை நடத்தியவர் அம்மாதமே நஞ்சுண்டு இறந்தார். படை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்டிருந்தால் வேடம் கலைந்திருக்கும். சீருடையையும் பெரிய பெயரையும் கண்டவுடன் கேட்கத் தோன்றவில்லை போலும்!

இவ்வளவு கேள்வியும் விதியும் வந்தால் நல்லாசிரியரும் பிள்ளைகளை அணுக அஞ்சுவரே என்னும் தடை நேர்மையானது; தள்ளத்தக்கதன்று. ஆனால் விசாகை செய்ததை நினைவு கூர்க. உதாயி என்னும் பிக்கு மறைவான இடத்தில் ஓர் இளம் பெண்ணுடன் தனித்திருக்கக் கண்ட அவ்வம்மையார், உமக்குத் தீய எண்ணம் இல்லாதிருக்கலாம், ஆயினும் இது தகாது என்று நேரிலேயே சொன்னார். அவர் செவி சாய்க்கவில்லை; அம்மையார் பிக்குகளிடம் கூறினார். நம்பத்தக்க ஓர் உபாசிகையின் சொல்லைக் கொண்டு பிக்குவை விசாரிக்கலாம் என்ற விதி அதிலிருந்து பிறந்தது. துறவியின்மேல் இல்லறத்துப் பெண்ணொருத்தியின் சொல் நிற்கும் என்பது அக்காலத்துக்கு எவ்வளவு பெரிய செய்தி! வெளிப்படையான இடத்தில் பிறர் காணப் பிள்ளையுடன் பேசும் ஆசிரியரை எவரும் எளிதில் பழிக்க முடியாது. விதி அவரையும் காக்கிறது.

நாட்டின் சட்டமும் இவ்வகையில் தெளிவாகவே உள்ளது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பதினெட்டு வயது நிரம்பாத அனைவரையும் குழந்தை என்கிறது. குற்றம் நிகழ்ந்ததை அறிந்த எவரும் காவல் துறைக்கு அறிவித்தாக வேண்டும். தமக்குக் கீழுள்ளவர் செய்த குற்றத்தை அறிவிக்காத நிலையத் தலைவருக்கு ஓராண்டுவரை சிறையும் அபராதமும் உண்டு. ஆகவே, "எங்கள் குழு விசாரிக்கிறது, பொறுத்திருங்கள்" என்று சொல்லிக் காலங்கடத்த எந்தத் துணைவேந்தருக்கும் உரிமையில்லை. குழந்தையின் வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, சீருடையில்லாத அதிகாரி பெறவேண்டும். இயன்றவரை அவர் பெண்ணாக இருத்தல் வேண்டும்.

சட்டம் இருந்தும், கேட்கும் வாய் ஒன்று வேண்டியிருக்கிறது. கோவிந்தாபுரம் போன்ற ஊர்களில் உள்ள நம் அன்பர்கள், முகாமுக்கு அழைப்பு வந்த இல்லத்தாருடன் அமர்ந்து நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதித் தரலாம். தமிழிலேயே எழுதலாம், மொழிச் சிறுபான்மைப் பகுதியினர் அரசு அலுவலகங்களுக்குத் தம் மொழியில் எழுதக் கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமே இடந்தருகிறது, நிலையத்தாரும் அம்மரபை ஏற்கட்டும். பிள்ளைகள் உறங்கும் இடத்தில் இரவுக் காவல் யார், வெளியிலிருந்து வரும் பயிற்சியாளரை அவர் சொல்லும் அமைப்பிடமே கேட்டுச் சரிபார்த்தீர்களா, பிள்ளை வீட்டாருடன் பேச விரும்பினால் எந்நேரமும் இயலுமா, குறை நேர்ந்தால் அது யாரிடம் சொல்லலாம் என்பவற்றைக் கேட்டுப் பெயருடனும் தொலைபேசி எண்ணுடனும் மறுமொழி பெறவேண்டும். முகாமில் கைப்பேசியை வாங்கி வைத்துவிடும் வழக்கம் உண்டாகையால், 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளை மனப்பாடமாக அறிந்திருத்தல் நலம். மறுமொழி வருமுன் பிள்ளையைப் பேருந்தில் ஏற்ற வேண்டா.