மன்னித்த பிறகும் நிற்கும் ஏடு

பாவ புண்ணியக் கணக்கெழுதும் சித்திரகுப்தருக்குக் காஞ்சிபுரத்தில் தனிக் கோயில் உண்டு. அவருடைய ஏட்டை எமதர்மன் மட்டுமே கேட்டு வாங்கலாம். நீதிமன்ற வழக்கு விவரங்களைத் தரும் இ-கோர்ட்ஸ் தளத்தின் ஏட்டையோ யாரும் புரட்டலாம்: மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் தேர்ந்தெடுத்து, கட்சிக்காரர் பெயரும் ஆண்டும் இட்டால் போதும். ஒவ்வொரு வழக்குக்கும் உரிய 16 இலக்க சி.என்.ஆர். எண் இருந்தால் நேரே வழக்குக்கே போய்விடலாம். பெயரை மட்டும் நம்புவது ஆபத்து. ஒரு மாவட்டத்தில் எத்தனை முருகன்கள்!

குற்றமற்றவர் என்று விடுதலையானவரின் பெயரும் அங்கேதான் இருக்கிறது. அப்படி ஒருவர், தீர்ப்பிலிருந்து தம் பெயரை நீக்கக் கேட்டபோது, அதற்குச் சட்டமில்லை என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் மறுத்தது. 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, பெயரை மறைக்கச் சொன்னது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதித்தது.

பழையதை மறக்கச் சொல்லும் மரபும் உண்டு. யூதர்களின் சட்டத் தொகுப்பான மிஷ்னா, மனம் திருந்தியவரிடம் பழைய செயலை நினைவூட்டுவதையே தவறென்கிறது. இந்தியாவின் 2015 சிறார் நீதிச் சட்டமும், சில கொடுங்குற்றங்கள் நீங்கலாக, சிறாரின் தண்டனைப் பதிவை உரிய காலத்துக்குப் பின் அழிக்கச் சொல்கிறது.

ஆனால் திறந்த ஏடுதான் அதிகாரத்தில் இருப்பவர்களின் வழக்குகளையும் காட்டுகிறது. அதை மூடுவது யாருக்கு வசதி என்பது தெரிந்ததே. ஏட்டை மூடாமலே, பாலியல் வழக்குகளில் பாதிக்கப்பட்டவர் பெயரை மட்டும் மறைத்துத் தீர்ப்பு வெளியாகிறது. விடுதலையானவருக்கும் அதே வழி பொருந்தும்.