எத்தனை வாய்

உரச்சாக்கை நான்தான் சுமந்தேன். எனக்கு அப்போது பதினோரு வயது. 1990, தை மாதம். பொங்கல் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. பட்டணத்தில் வேலை பார்த்த சித்தப்பா ஊருக்கு வரும்போது ஓர் ஏர்கன் வாங்கி வந்திருந்தார். கூடவே சிநேகிதர்கள் இரண்டு பேர். பாபநாசத்தை ஒட்டிய எங்கள் கிராமத்தில் சம்பா கதிர் முற்றி, வயலில் கடைசித் தண்ணீர் வடிந்துகொண்டிருந்த சமயம் அது. பள்ளங்களில் ஒதுங்கும் மீனுக்கும் தவளைக்கும் கொக்கும் மடையானும் கூட்டமாக வந்து நிற்கும். "பொட்டப்புள்ளைய எதுக்குடா வேட்டைக்கு இழுத்துக்கிட்டுப் போற?" என்று அப்பாயி கேட்டாள். "சாக்கு தூக்க ஆள் வேணாமா?" என்றார் சித்தப்பா. எனக்கு அது பதவி உயர்வாகத்தான் பட்டது.

மடையான் நின்றால் மண் நிறம், எழும்பினால் வெள்ளை. வரப்போரம் அசையாமல் நிற்கும்போது பக்கத்தில் போனால்கூடத் தெரியாது. எனக்குக் கண் கூர்மை. "அதோ சித்தப்பா" என்று காட்டிக் கொடுத்தவள் நான். விழுந்ததை ஓடிப்போய் எடுத்துச் சாக்கில் போட்டவளும் நான். பதினேழு, பதினெட்டு என்று உரக்க எண்ணிக்கொண்டே ஓடினேன். பொழுது சாயும்போது இருபத்து மூன்று.

கொல்லையில் சாக்கைக் கொட்டிவிட்டு ஆண்கள் குளிக்கப் போனார்கள். அம்மா மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அப்பாயியும் நானும் சேர்ந்துகொண்டோம். மடையானை உரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இறகு போனால் உள்ளே ஒரு பிடி கறிதான். கவிச்சி வாடை கையை விட்டுப் போகாது. அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் இரவு ஒன்பது மணி வரை பறித்து, வாட்டி, அரிந்து, கழுவி, ஒன்பது பறவைகளைக் குழம்பாக்கினோம். வீட்டில் அன்றைக்கு ஒன்பது பேர். மீதிப் பதினாலு சாக்கிலேயே கிடந்தன. எங்கள் தெருவில் யார் வீட்டிலும் ஃபிரிட்ஜ் கிடையாது.

காலையில் சாக்கைச் சுற்றி எறும்பு. வாடை வேறு. சித்தப்பா மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னார். "உசுரக் கொன்னு வீணாக்கிட்டீங்களே அண்ணி. கொன்னா பாவம், தின்னா தீரும்பாங்க. திங்காம வுட்டா அது எங்க போய்த் தீரும்?" அவருடைய வருத்தம் நடிப்பு இல்லை. நிஜமாகவே வருந்தினார். அப்பா தன் பங்குக்கு, "ஒரு வேலையை முழுசா முடிக்கத் தெரியாது" என்றார். அம்மா யார் முகத்தையும் பார்க்காமல், "எத்தனை வாய்னு எண்ணிக்கிட்டுல்ல போயிருக்கணும்" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாழையடிக்குப் போனாள்.

அந்தச் சாக்கு என்னைவிட்டுப் போகவில்லை. தமிழ் இலக்கியம் படித்து, தமிழ் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவள் என்பதால் முதலில் அந்தப் பழமொழியைத்தான் பிரித்துப் பார்த்தேன். கொன்றால் பாவம், தின்றால் தீரும். கொல்லுதல், தின்னுதல் என்று இரண்டு வினைகள். நடுவே பறித்தலும் வாட்டுதலும் அரிதலும் கழுவுதலும் மிளகாய் அரைப்பதும் அடுப்பு ஊதுவதும் எங்கே? வேற்றுமைத் தொகையில் உருபு மறைந்து வரும் என்று மாணவிகளுக்கு நடத்துகிறேன். இங்கே ஆளே மறைந்து வருகிறாள். கொன்றவன் பாவம் தீர வேண்டுமானால் அவள் உட்கார்ந்து உரிக்க வேண்டும். அவள் கை ஓய்ந்துவிட்டால் பாவம் இடம் மாறி அவள் தலையில் ஏறிவிடுகிறது. சுட்டவர்களுக்கு 'குறி தப்பாதவர்கள்' என்ற பெயர் மிஞ்சியது. வீணாக்கியவள் என்ற பெயர் அம்மாவுக்கு வந்தது.

எங்கள் ஊர்ப்பெயரே பாவத்தின் நாசம் என்றுதான் பொருள்படும். கரனையும் தூஷணனையும் கொன்ற தோஷம் விடாமல் தொடர, ராமன் இங்கே 108 லிங்கங்களை வைத்துக் கும்பிட்டான் என்கிறது தலபுராணம். நூற்றெட்டையும் சுற்றி வருகிறவர்களை இன்றைக்கும் பார்க்கலாம். கொன்றவனுக்குக் கழுவாய் உண்டு. அதற்கு ஒரு எண்ணிக்கையும் உண்டு. கொன்றதைக் கழுவிக் கொடுத்தவள் புராணத்தில் இல்லை.

அம்மா சொன்னதை நான் முதலில் சிக்கனப் பேச்சாகத்தான் புரிந்துகொண்டேன். கல்யாண வீட்டில் எத்தனை இலை என்று கேட்டு அரிசி களைவது மாதிரி. பிறகுதான் அதற்குள் ஒரு வாதம் இருப்பது பிடிபட்டது. அந்தப் பறவைகள் கொல்லையில் வீணாகவில்லை. வாய்க்கால் கரையில், பத்தாவது பறவை விழுந்த நொடியில் வீணாகிவிட்டன. காலையில் எறும்பு மொய்த்தபோது அது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது, அவ்வளவுதான்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, லேசானது இல்லை. செத்த மடையானுக்கு வயிறும் ஒன்றுதான், வாழையடியும் ஒன்றுதான். அது இழந்தது உயிரை. இழந்த பிறகு அதைத் தின்றார்களா புதைத்தார்களா என்பதெல்லாம் நம்முடைய கவலை. அப்படியிருக்க, வீணடிக்காதே என்ற அறம் பறவைக்கு என்ன நன்மை செய்கிறது? இறந்துபோனதற்கு ஒன்றும் செய்வதில்லை என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அந்தப் பதினாலும் ஒரு சாட்சி சொல்லின: பசிக்காகச் சுடவில்லை. எண்ணுவதற்காகச் சுட்டோம். இன்னும் சங்கடமான விஷயம், குழம்பில் கொதித்த ஒன்பதும் பசிக்காகச் செத்தவை அல்ல. அன்றைக்கு வீட்டில் சோறு இருந்தது, கருவாட்டுக் குழம்பு இருந்தது. சமைத்து இறக்கியதும் அவற்றுக்குப் பின்னாலிருந்து ஒரு காரணம் வந்து ஒட்டிக்கொண்டது. எங்கள் கைகள் அந்த ராத்திரியில் செய்த வேலை அதுதான்: ஒரு விளையாட்டை உணவாக மாற்றிக் கொடுத்தோம். பதினாலில் முடியாமல் போயிற்று.

விளையாட்டுக்காக எண்ணுவது எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு ராஜஸ்தானின் பரத்பூரில் கல்லே சாட்சி. இன்றைக்குக் கேவ்லாதேவ் தேசியப் பூங்காவாக இருக்கும் அந்தச் சதுப்பு நிலம் ஒரு காலத்தில் மகாராஜாவின் வேட்டைக்காடு. எந்தத் தேதியில் எந்தப் பிரபு வந்தார், எத்தனை பறவைகள் வீழ்ந்தன என்று கல்லில் பொறித்து வைத்திருக்கிறார்கள். 1938 நவம்பர் 12 அன்று வைஸ்ராய் லின்லித்கோவின் கூட்டம் ஒரே நாளில் சுட்டது 4,273 பறவைகள். அதை எத்தனை கைகள் உரித்தன, எத்தனை அழுகின என்று கல்லில் இல்லை. நம் வயல்களுக்குப் பனிக்காலத்தில் வரும் உள்ளான்கூட அப்படிப்பட்ட ஒரு விளையாட்டுப் பறவைதான். வளைந்து வளைந்து பறக்கும் அதைச் சுடுவது கடினம் என்பதால் வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு அதில் பெருமை. ஸ்னைப்பர் என்ற ஆங்கிலச் சொல், உள்ளான் சுடுவதிலிருந்து பிறந்து மனிதரைச் சுடுகிறவனுக்குப் பெயரானது.

அமெரிக்காவில், சுட்ட வாத்தைத் தேடி எடுக்க முயலாமல் விட்டுப் போனால் குற்றம். ஒரு நாளைக்கு இத்தனைதான் என்ற வரம்பும் உண்டு. அம்மாவின் வாக்கியத்தை அவர்கள் சட்டமாக எழுதியிருக்கிறார்கள் என்று படித்தபோது சிரிப்பு வந்தது. ஆனால் அந்த வரம்பு அடுத்த வருஷமும் சுடுவதற்குப் பறவை மிஞ்ச வேண்டும் என்பதற்காக. அதில் வாய்க்கணக்கு இல்லை. நம் பக்கத்து வேடந்தாங்கலில் நடந்தது வேறு. சிப்பாய்கள் பறவைகளைச் சுடுவதை ஊரார் முறையிட, 1798இல் செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸ் அவற்றைக் காக்கும் உரிமையை ஊருக்கே எழுதிக் கொடுத்தார். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் நெல்லுக்கு உரம். சுயநலம் கலந்த காருண்யம்தான். அதனால் அது மட்டம் என்று எனக்குத் தோன்றவில்லை.

நாங்கள் சாக்கு தூக்கிப் போனபோது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்து பதினேழு வருஷம் ஆகியிருந்தது. 1972இல் வந்த அந்தச் சட்டம் எங்கள் வாய்க்கால் கரையை எட்டவில்லை. 1991இல் திருத்தம் கொண்டுவந்து, உரிமம் வாங்கி வேட்டையாடும் வழியையும் அடைத்தார்கள். சரியான காரியம். ஆனால் சட்டம் கடைசியில் யார் கையைப் பிடித்தது என்று கேட்டால், ஏர்கன் வைத்திருந்த கையை நான் பார்த்ததில்லை. கண்ணி வைத்திருந்த கையைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் கொல்லை வாசலுக்கு ஒரு பெண் காடை கொண்டு வருவாள். சனங்கள் அவளை "ஏ குருவிக்காரி" என்றுதான் கூப்பிடுவார்கள்; நாங்களும் அப்படித்தான் கூப்பிட்டோம். அவளுக்கு ஒரு பெயர் இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மூன்று காடைக்கு ஒரு படி அரிசி. அப்பாயி ஆறு கேட்டால், "இன்னைக்கு மூணுதாம்மா" என்பாள். நாங்கள் தூர எறியும் தலையையும் காலையும் கேட்டு வாங்கிப் போவாள். அவளை நான் உயர்த்திப் பிடிக்கவில்லை. சந்தை இருந்திருந்தால் அவளும் வலை போட்டு நூறு பிடித்திருக்கலாம்; நெடுஞ்சாலையோரக் கடைகளுக்காக அப்படிப் பிடிக்கிறவர்கள் உண்டு. அவளுடைய அளவு வறுமை கொடுத்த அளவு. ஆனாலும் அது ஓர் அளவு. பிறகு அவள் வருவது நின்றது. பிடித்துக்கொண்டு போனார்கள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2022 டிசம்பரில். அவள் பேத்திகளுக்காவது பயன்படட்டும்.

சித்தப்பா மாதிரியானவர்கள் இப்போது நீண்ட லென்ஸ் வைத்த கேமராவோடு வடுவூர் ஏரிக்குப் போகிறார்கள். நல்ல மாற்றம்தான், நானும் போயிருக்கிறேன். "இன்னைக்கு எத்தனை ஷூட் பண்ணினே?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதைக் கேட்டபோது மட்டும் கொஞ்சம் திரும்பிப் பார்த்தேன்.

சில வருஷங்களுக்கு முன் வகுப்பில் சத்திமுத்தப் புலவர் நாரையைத் தூது விட்ட பாட்டை நடத்திக்கொண்டிருந்தேன். சத்திமுத்தம் பட்டீஸ்வரத்தை ஒட்டிய ஊர், எங்களுக்குப் பக்கம்தான். மதுரையில் குளிரில் உடுக்கத் துணியின்றிச் சுருண்டு கிடக்கும் ஏழைப் புலவர், வடக்கே பறக்கும் நாரையிடம், என் ஊர்க் குளத்தில் தங்கி, நனைந்த சுவருள்ள வீட்டில் பல்லியின் குரலுக்குக் காத்திருக்கும் என் மனைவியிடம் என் நிலைமையைச் சொல் என்கிறார். வறுமையைப் பற்றி உருகிப் பேசிக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "மேடம், அந்தம்மா பட்டினியா இருந்திருப்பாங்கல்ல? நாரை வந்தா பிடிச்சுச் சாப்பிட்டிருக்க மாட்டாங்களா?"

வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. நாரைக்கறி தின்னும் வீட்டிலிருந்து வந்தவள் என்று சிரித்தவர்கள் தெரிந்துதான் சிரித்தார்கள் என்பது எனக்குச் சற்றுத் தாமதமாகப் புரிந்தது. சிரித்தவர்களைக் கடிந்தேனே தவிர அவள் கேள்விக்கு அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். அவள் கேட்டது நியாயம். அந்தப் பாட்டில் புலவரின் குளிர் உண்டு, நாரையின் அழகு உண்டு, மனைவியின் காத்திருப்பு உண்டு. அவளுடைய பசியைப் பற்றி யாரும் கேட்டதில்லை. புறாவுக்காகத் தன் தசையை அறுத்துத் தராசில் வைத்தவனைச் சோழர்கள் தங்கள் முன்னோன் என்று சொல்லிக்கொண்டார்கள். புறநானூற்றுப் புலவர்கள் அதைப் பாடியிருக்கிறார்கள். அந்தக் கதையில் எனக்குப் பிடித்தது, அரசன் பருந்தின் பசியைப் பொய் என்று சொல்லவில்லை. புறாவைக் காப்பாற்று, ஆனால் பசித்தவருக்குப் பதில் சொல், அதுவும் எடைக்கு எடை. புலவர் மனைவி நாரையைப் பிடித்துத் தின்றிருந்தால் நான் வருந்தியிருப்பேன், குற்றம் சொல்லியிருக்க மாட்டேன். அவளுக்கு ஒரு வாய்; வீட்டில் குழந்தைகள் இருந்தால் இன்னும் ஒன்றிரண்டு. எங்கள் சாக்கில் இருபத்து மூன்று. இந்த வித்தியாசத்தைச் சொல்ல எனக்கு அறநூல்கள் தேவைப்படவில்லை. அந்தப் பெண்ணிடம்தான் சொல்லவில்லை.

இதையெல்லாம் எழுத உட்காருவதற்கு முன் அம்மாவிடம் ஒருமுறை கேட்டேன். மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். எழுபதைத் தாண்டிவிட்டது, மறந்திருப்பாள் என்று நினைத்தேன்.

"வாழையடியில பதினாலு புதைச்சியே, ஞாபகம் இருக்கா?"

"பதிமூணு" என்றாள்.

"இல்லம்மா, நான் எண்ணினேன். இருபத்து மூணு. ஒன்பது சமைச்சோம்."

"நீ எண்ணுன. நான் புதைச்சேன். பதிமூணுதான்." மொச்சையைக் கீழே வைத்தாள். "ஒண்ணு கண்ணைத் தொறந்துச்சு. எறும்பு ஏறியிருந்துச்சு மேல. கழுத்தைத் திருகிப் போடலாம்னு பாத்தேன், கை வரல. பஞ்சாரத்தைக் கவுத்து உள்ள வச்சேன். யாருகிட்டயும் சொல்லல. சொன்னா அதையும் உரிக்கச் சொல்லுவாங்க."

"அப்புறம்?"

"சோறு வச்சேன், திங்கல. வாய்க்கால்ல போயி சென்னாக்குன்னி புடிச்சாந்து போட்டேன், அதைத் தின்னுச்சு. மூணாம் நாள் காலையில பஞ்சாரத்தைத் தூக்குனேன். வரப்பு மேல நடந்து போச்சு. பறக்கல. ஒரு பக்க றெக்கை தொங்கிக்கிட்டே போச்சு."