நஷ்டஈடும் மௌனமும்

காசு கொடுத்து ஒரு ஹோட்டலில் தங்குகிறவரும் சரி, ஒரு வேளை உண்டுவிட்டுப் போகிறவரும் சரி, படிக்கட்டின் உறுதியையும் நீச்சல்குளத்தின் ஆழத்தையும் தாமே சோதித்துப் பார்த்துவிட்டு உள்ளே நுழைவதில்லை. அந்த ஜாக்கிரதையை ஹோட்டல் நடத்துகிறவர் ஏற்றுக்கொண்டிருக்கிறார் என்ற நம்பிக்கையின் பேரிலேயே அங்கே உட்காருகிறார், உறங்குகிறார். அந்த நம்பிக்கை பொய்த்து, எலும்பு முறிந்தோ உடல் வெந்தோ போனவர் இரண்டு வகையான நியாயத்தைத் தேடுகிறார். தமக்கு நேர்ந்த நஷ்டத்துக்கு ஈடு வேண்டும் என்பது ஒன்று. நடந்தது நடந்தபடியே ஊராருக்குத் தெரிய வேண்டும் என்பது மற்றொன்று. முன்னதற்காக நீதிமன்றத்தின் படியேறுகிறவரை எவரும் அவ்வளவாகக் குறை சொல்வதில்லை. பின்னதற்காகப் பத்திரிகை அலுவலகத்தை நாடினால் மட்டும், விளம்பரம் தேடுகிறார், மிரட்டிப் பணம் பறிக்கப் பார்க்கிறார் என்ற பேச்சு கிளம்பிவிடுகிறது. இந்தப் பேச்சில் தர்மம் உண்டா என்பது நிதானமாக ஆராய வேண்டிய விஷயம்.

1992ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், அமெரிக்காவின் ஆல்புகர்க்கி நகரில், 79 வயது மூதாட்டி ஒருவர், பேரன் ஓட்டிவந்த காரில் அமர்ந்தபடி, மெக்டொனால்ட்ஸ் உணவகத்தில் 49 சென்ட் கொடுத்து ஒரு கோப்பை காபி வாங்கினார். கார் நின்ற பிறகு, பாலும் சர்க்கரையும் சேர்ப்பதற்காகக் கோப்பையை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு மூடியை இழுத்தார்; காபி அத்தனையும் மடியில் கவிழ்ந்தது. அவர் உடுத்தியிருந்த பருத்தித் துணி அந்தச் சூட்டை உறிஞ்சித் தோலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டது. எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வெந்த இடங்களில் வேறு தோலை எடுத்து ஒட்ட வேண்டியதாயிற்று. காபியை 82 முதல் 88 டிகிரி செல்சியஸ் சூட்டிலேயே வைத்திருப்பது அப்போது அந்நிறுவனத்தின் நியதியாக இருந்தது. சிகிச்சைச் செலவையும் மற்ற நஷ்டங்களையும் கணக்கிட்டு ஏறத்தாழ 20,000 டாலர் கேட்டார் மூதாட்டி. நிறுவனம் கொடுக்க முன்வந்தது 800 டாலர். அதன் பிறகே வழக்கு. பத்து ஆண்டுகளில் இதே காபியால் வெந்துபோனதாக 700க்கும் மேற்பட்ட புகார்கள் அந்நிறுவனத்துக்கு வந்திருந்தன என்பது விசாரணையில் வெளிப்பட்டது. 1994இல் ஜூரிகள் நஷ்டஈடாக 2 லட்சம் டாலர் நிர்ணயித்து, மூதாட்டியின் கவனக்குறைவுக்காக அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்து, தண்டனைத் தொகையாக 27 லட்சம் டாலரையும் விதித்தார்கள். நீதிபதி அந்தத் தண்டனைத் தொகையை 4,80,000 டாலராகக் குறைத்தார். பிறகு இரு தரப்பாரும் வெளியே சொல்லக்கூடாத ஒரு சமரசத்துக்கு வந்தார்கள்.

உலகம் இந்த வழக்கை அறிந்துகொண்ட விதமோ முற்றிலும் வேறு. காபியைக் கொட்டிக்கொண்ட கிழவிக்குப் பல லட்சம் டாலர் என்ற செய்தி நாடெங்கும் பரவியது. நிறுவனம் கொடுக்க முன்வந்த 800 டாலரும், கேட்பாரற்றுக் கிடந்த 700 புகார்களும், ஜூரிகள் கழித்த ஐந்தில் ஒரு பங்கும், நீதிபதி குறைத்த தொகையும் பெரும்பாலான செய்திகளில் இடம்பெறவில்லை. மூதாட்டியின் பெயர் தொலைக்காட்சியில் சிரிப்புக்கு உரியதாயிற்று. அச்சிட்டவற்றில் அப்பட்டமான பொய் என்று அதிகமாக எதையும் சுட்டிக்காட்ட முடியாது. எதைச் சொல்வது, எதை விடுவது என்ற தேர்விலேயே அநியாயம் நிகழ்ந்துவிட்டது. 2004இல் அவர் காலமானார். அந்தப் புண்களின் புகைப்படங்களை ஓர் ஆவணப்படம் பரவலாகக் காட்டியது 2011இல்தான்.

இனி, ஹோட்டல் நடத்துகிறவருடைய பட்சத்தையும் மதித்துக் கேட்க வேண்டும். பல ஆண்டுகள் பாடுபட்டுச் சம்பாதித்த நற்பெயர் நிரூபணமாகாத ஒரு குற்றச்சாட்டினால் ஒரே நாளில் அழியக்கூடும். அதோடு சமையற்காரருடைய பிழைப்பும், அறைகளைப் பெருக்கித் துடைக்கிறவருடைய பிழைப்பும் அழியும். ஆகையால் அவரிடம் விளக்கம் கேட்காமல் செய்தி போடுவது அதர்மம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இரு தரப்புக்கும் அரைப்பத்தி வீதம் இடம் பங்கிட்டுக் கொடுத்துவிட்டால் நடுநிலைமை நிறைவேறிவிடுகிறது என்று எண்ணுவதும் பிழையே. காபி எவ்வளவு சூடு, குளம் எத்தனை அடி ஆழம், முன்பு யாராவது விழுந்ததுண்டா என்பவையெல்லாம் அளந்தும் விசாரித்தும் அறியக்கூடியவை. அவற்றை நிருபரே நேரில் போய் அறிந்து எழுதுவதுதான் நடுநிலைமை.

நம்முடைய நாளிதழ்களில் ஒரு வழக்கம் வேரூன்றியிருக்கிறது. விபத்துக்குள்ளானவரின் பெயர், வயது, ஊர், தொழில் எல்லாவற்றையும் அச்சிட்டுவிட்டு, சம்பவம் நடந்த இடத்தை மட்டும் ‘பிரபல தனியார் ஹோட்டல்’ என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள். சட்டத்துக்கு அஞ்சி இப்படிச் செய்வதாகச் சொல்வதுண்டு. ஆனால் நீதிமன்ற நடவடிக்கையை நியாயமாகவும் பிழையின்றியும் வெளியிடுவது அவமதிப்பு ஆகாது என்று 1971ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டமே கூறுகிறது. பொதுநன்மைக்காகச் சொல்லப்படும் உண்மை அவதூறு ஆகாது என்பதும் நம் சட்டத்தில் நெடுநாளாக உள்ள விதி. அப்படியிருக்க, பல இடங்களில் இந்த அச்சத்துக்கு மூலம் விளம்பர வருமானம் என்றே கருத வேண்டியிருக்கிறது. பெயரை மறைப்பதால் குற்றமற்ற மற்ற ஹோட்டல்கள் மீதும் சந்தேகம் படிகிறது என்பதையாவது அவர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

தீர்ப்பு வரட்டும், அதுவரை பொறுத்திருப்போம் என்பது கௌரவமான வாதமாகத் தோன்றும். ஆனால் அந்தத் தீர்ப்பு எப்போது வரும்? 1972 ஆகஸ்டில் தில்லியின் ஐந்து நட்சத்திர ஹோட்டல் ஒன்றில் ஜெர்மானிய விருந்தினர் ஒருவர் நீச்சல்குளத்தில் தலைகீழாகப் பாய்ந்தபோது, தலை அடித்தரையில் மோதி உடல் செயலிழந்தது. 1975இல் வழக்குத் தொடுத்தார், 1985இல் இறந்துபோனார், 50 லட்சம் ரூபாய் நஷ்டஈடு விதித்து தில்லி உயர்நீதிமன்ற நீதிபதி லஹோட்டி தீர்ப்பளித்தது 1997இல். அதுவும் பின்னர் மேல்முறையீட்டில் நிலைக்கவில்லை. உயர்ந்த கட்டணம் வாங்குகிறவருக்கு உயர்ந்த ஜாக்கிரதையும் கடமை என்ற அத்தீர்ப்பின் கருத்து, குளத்தில் இறங்க இருப்பவருக்கு இருபத்தைந்து ஆண்டு கழித்துத் தெரிந்து என்ன பயன்?

எல்லாவற்றிலும் கடினமான கேள்வி சமரசத்தைப் பற்றியது. பணத்தைப் பெற்றுக்கொள், வாயைத் திறவாதே என்ற நிபந்தனைக்குக் கையெழுத்திடுகிறவர் தவறு செய்கிறாரா? ஆஸ்பத்திரிக் கடன் கழுத்தை நெரிக்கும்போது, பின்னால் வரப்போகும் முகமறியாத பிரயாணிகளுக்காகத் தம் குடும்பத்தைப் பட்டினி போடும்படி எவரையும் கேட்க நமக்கு உரிமையில்லை. அவரிடம் குற்றமில்லை. குற்றம் அந்த நிபந்தனையை விதிக்கிறவரிடம் இருக்கிறது. ஏனெனில் அவர் விலைக்கு வாங்குவது ஒருவருடைய மௌனத்தை மட்டுமன்று, அடுத்த விருந்தினருக்குக் கிடைத்திருக்க வேண்டிய எச்சரிக்கையையும்தான். காயப்பட்டவர் பேச முடியாத இடத்தில் பேசும் கடமை பத்திரிகையின் மேல் விழுகிறது.

காயமடைந்தவர் நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். செய்தி பட்சபாதமாக வந்தால் பத்திரிகைக் கவுன்சிலுக்கும் எழுதலாம், அக்கவுன்சிலுக்குக் கண்டிக்கும் அதிகாரமே அன்றித் தண்டிக்கும் அதிகாரம் இல்லையெனினும். ஆசிரியர்களிடம் கேட்டுக்கொள்வது இவ்வளவே: ஹோட்டலின் பெயரைப் போடுங்கள்; அவர்களுடைய பதிலையும் அதே பக்கத்தில் போடுங்கள்; வழக்கு முடிகிற வரையில் அதைப் பின்தொடர்ந்து, முடிவு எவருக்குச் சாதகமாயினும் முதல் செய்தி வந்த இடத்திலேயே வெளியிடுங்கள்.