இறகுதிர் காலம்

ஐப்பசி அடைமழை தொடங்கிவிட்டால் மரக்காணத்து உப்பளங்களில் வேலை நின்றுவிடும். தை, மாசியில் பாத்தி மிதித்துத் தொடங்கிய உழைப்பின் மேல் வானம் நீரை ஊற்றிவிட்டுப் போகும். வரப்பு எது, பாத்தி எது என்று தெரியாது. அதே நாள்களில்தான் அருகிலுள்ள கழுவெளியில் வலசைப் பறவைகள் வந்திறங்குகின்றன. 2021 இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024 இல் ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்ற நீர்நிலை அது. ஆயினும் 2025 ஐப்பசியில் நாம் காணச் சென்றது அவற்றையன்று. உப்பளத் தொழிலாளி ஒருவர் தம் வீட்டின் பின்புறம் வளர்க்கும் பந்தயப் புறாக்களை.

பந்தயப் புறா என்றதும் நம்மில் பலருக்கு வானில் குட்டிக்கரணம் போடும் கர்ணப்புறாவே நினைவுக்கு வரும். இவை ‘ஹோமர்’ என்னும் வேறு இனம். நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோய்த் திறந்துவிட்டாலும் தம் கூண்டுக்கே திரும்புபவை. ஆனால் நாம் கண்டபோது அவை எங்கும் பறக்கும் நிலையில் இல்லை. கழுத்தும் தலையும் முள்முள்ளாய் முளைவிட்டிருந்தன. கூண்டின் தரையெங்கும் இறகுகள்.

புறாவின் ஒவ்வொரு சிறகிலும் முதன்மை இறகுகள் பத்து. அவற்றுள் உடலுக்கு அண்மையில் உள்ளது முதலில் விழும். அதன் இடத்தில் புதியது ஓரளவு வளர்ந்த பின்னரே அடுத்தது விழும். இவ்வாறு சிறகின் நுனி வரை சென்று முடிய ஏறத்தாழ ஆறு மாதம் ஆகும். பறக்கும் ஆற்றலை முற்றிலும் இழந்துவிடாமலே உடை மாற்றிக்கொள்ளும் இந்த ஏற்பாட்டை எண்ணி வியந்தோம். புதிதாய் முளைக்கும் இறகின் தண்டில் இரத்தம் ஓடுகிறது, முறிந்தால் கசியும். ஆகவே தேவையின்றிக் கையில் பிடிக்கலாகாது. ஆணையும் பெண்ணையும் பிரித்து வைத்து, முட்டை, குஞ்சு என்ற சுமையைத் தவிர்க்க வேண்டும். குளிக்கத் தண்ணீர் வைக்க வேண்டும். இறகு பெரும்பாலும் புரதத்தால் ஆனது. எனவே கம்பு, சோளத்தோடு பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, சிறிது எள் அல்லது ஆளிவிதை வேண்டும்.

இவற்றுள் ஒன்று நம்மை வெகுநேரம் நிற்க வைத்தது. இறகு வளரும் நாள்களில் புறா பட்டினி கிடந்தால், அந்நாளில் வளர்ந்த பகுதியில் குறுக்கே மெல்லிய கோடு விழுந்துவிடுகிறது. அவ்விறகு அடுத்த ஆண்டு உதிரும் வரை கோடு அழிவதில்லை; முறிய நேர்ந்தால் அவ்விடத்தில்தான் எளிதில் முறியும். அவர் ஒரு புறாவின் சிறகை மெல்ல விரித்து, இன்னும் உதிராத நுனியிறகில் அத்தகைய கோடொன்றைக் காட்டினார். “போன வருசம் ஃபெஞ்சல் புயல்ல விழுந்ததுங்க ஐயா. மூணு நாள் தீனி கிடைக்கல.” 2024 நவம்பர் இறுதியில் வந்த அந்தப் புயலின் பட்டினி, ஓராண்டு கழித்தும் அங்கே எழுதப்பட்டிருந்தது.

தேநீர் கொண்டுவந்த அவருடைய மனைவி, “நமக்கு ரேசன் அரிசி, புறாவுக்குப் பச்சைப்பயறு. நீங்களே கேளுங்க ஐயா” என்றார். அவர் தந்த தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு என்ன விடை சொல்வது! கணவரோ சிரித்தபடி, “தையில பறக்கணும்ல” என்றார்.

வினா இங்கேதான் எழுகிறது. பந்தயத்திற்காகத்தான் இந்தப் பரிவு என்றால், இது அன்பா, முதலீடா? முதலீடுதான் என்று ஒதுக்கிவிடத் தோன்றும். ஆனால் கோழிப்பண்ணையை எண்ணிப் பார்ப்போம். முட்டையிடல் குறைந்த கோழியைச் சில நாள்கள் தீனியின்றி வைத்தால், இறகுகள் உதிர்ந்து, பின்னர் மீண்டும் முட்டையிடத் தொடங்கும். உலகில் பல பண்ணைகள் கையாண்ட முறை இது. 2011 இல் இந்திய விலங்குகள் நல வாரியம் இதை உடனே நிறுத்துமாறு பணித்தது. புறா வளர்ப்போரிலும், கூண்டை இருட்டாக்கி இறகுதிர்வைத் தள்ளிப்போடுவோர் மேல்நாடுகளில் உண்டு. ஆதாயத்தை எல்லாரும் நாடுகிறார்கள். ஒருவர் உயிரின் காலத்திற்குத் தம் காலத்தை வளைக்கிறார். மற்றவர் தம் காலத்திற்கு உயிரை வளைக்கிறார். இவ்வேறுபாடு சிறிதென்று நாம் கருதவில்லை. விடுதலைப் பயண நூலில் ஓய்வுநாள் சட்டம் மாட்டையும் கழுதையையும் முன்வைத்து, அடிமைப் பெண்ணின் மகனையும் அந்நியரையும் அவற்றோடு சேர்க்கிறது. மறுநாள் நன்றாக உழைப்பதற்காக என்று அங்கே காரணம் சொல்லப்படவில்லை. இளைப்பாற வேண்டும் என்பதே காரணம்.

அப்படியானால் இந்த மனிதரின் இறகுதிர் காலத்திற்கு யார் பொறுப்பு? மழை மாதங்களில் அவருக்குக் கூலி இல்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலத்திற்கென உப்பளத் தொழிலாளர் குடும்பத்திற்கு 5000 ரூபாய் வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2022 இல் தொடங்கியது. நல்ல செயல், மறுப்பதற்கில்லை. ஆனால் நாள் கணக்கில் வகுத்தால் 55 ரூபாய்கூடத் தேறாது. அவர் வாரிய உப்பை ஆண்டு முழுவதும் சோற்றில் இட்டுக்கொள்ளும் நாம், இந்த மூன்று மாதங்களில் அவரை நினைப்பதே இல்லை. புறாவுக்குக் கிட்டிய வளர்ப்பவர் அவருக்குக் கிட்டவில்லை.

கூண்டின் மூலையில் ஒரு கிழட்டுப் புறா இருந்தது. பருந்து அடித்துச் சிறகு கோணிப்போனது. இனி எந்தத் தையிலும் பறக்காது. அதற்கும் அதே தீனி, அதே குளியல் தொட்டி. (1946 இல் புறா அஞ்சலைத் தொடங்கிய ஒடிசா காவல்துறையும், கைப்பேசி வந்து அப்பணி ஓய்ந்த பின் புறாக்களை விரட்டிவிடாமல் வளர்த்து வருகிறது.) முதலீட்டுக் கணக்கில் இந்தப் புறாவை எங்கே எழுதுவது என்று கேட்டுவிட்டோம். அவருக்கு நம் கேள்வியே விளங்கவில்லை.

“அதுக்கும் இறகு விழுதுல்லங்க ஐயா” என்றார்.

மழை மீண்டும் பிடித்துக்கொண்டது. நாம் புறப்படும்போது அந்த அம்மா முறத்தில் பயற்றைக் கொட்டிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். கடைக்காரரிடம் இந்த மாதம் என்ன சொல்வது என்று இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.